ஒரு ஜோடி கோடெக்

எங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரை வெளியில் சொல்வதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் செத்துப்போய்விட்டார்கள். ஆம்பூர் பைபாஸ் ஓரம், ஜெர்மனிக்காரர்களின் கால்களுக்கு ஷூ தைத்து அனுப்பும் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே டிஸ்பேட்ச் குமாஸ்தா. மேலே ஒட்டிய விலாசத்தைப் பார்த்துப் பொருளை அனுப்புவது என் வேலை.

ஷூ கம்பெனிகளில் ஊசிக்கு ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் லைன் நிற்கும். நியாயமான சட்டம்தான். ஊசி முனை ஷூவுக்குள் தங்கிவிட்டால் எங்கோ ஒரு ஜெர்மன் குழந்தை அலறும். ஆனால் நல்ல சட்டம் சோம்பேறி கையில் கிடைத்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். சுறுசுறுப்பானவர் கையில் கிடைத்தால் தப்பிக்க வழியே இல்லை.

எங்கள் சுறுசுறுப்பானவரின் பெயர் கிருபானந்தம். தர மேலாளர். கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் வந்த நாளிலிருந்து அவர் ஊசிச் சட்டத்தைக் கேன்டீன் டம்ளருக்கும், டியூப் லைட்டுக்கும், பென்சில் முனைக்கும் நீட்டித்தார். ஸ்டோர்ஸ் சம்பத் முறுக்குக் கடிக்கும்போது ஒரு கடைவாய்ப்பல் உடைந்தது. அதுவும் பதிவேட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கம் நூற்றெட்டு. "மாற்றுப் பொருள் வழங்கப்பட்டதா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது.

கேத்தரின் நாலாம் லைனில் ஷூவின் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள். சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள் என்பதற்காக அவளைத் தூக்கி ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். ஏசி கம்ப்யூட்டருக்கு. கிருபானந்தம் சொல்லச் சொல்ல விதிகளை டைப் செய்வது அவள் வேலை. அந்த 2005 மே மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அபினேஷ், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பதினெட்டாம் தேதி புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆம்பூர் சர்ச்சில் திருமணம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டியதில் இரண்டு வாசித்தாகிவிட்டது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் வீடியோ வடிவத்தில் வந்தது.

எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் கம்பெனியின் சென்னை ஆபீஸ், தொழிலாளர்கள் சந்தோஷமாக இருப்பதைக் காட்டும் ஐந்து நிமிடப் படம் ஒன்று கேட்டிருந்தது. முதலாளியின் மகன் ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்தபோது புதிதாக ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். ஊட்டி ஹாஸ்டலில் படித்தவர். அவருக்குத் தெரிந்த தமிழில் ஒரு ஆட்டோவைக்கூடக் கூப்பிட முடியாது. அவரே லைன் லைனாகப் போய்ப் பெண்களைப் பேச வைத்துப் படம் பிடித்தார். எல்லாருக்கும் "சூப்பர், சூப்பர்" என்றார். பதினான்கு ஃபைல்களை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். அதை வெட்டி ஒட்டும் பொறுப்பு கேத்தரினுக்கு வந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. ஏன் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அவள் ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, முதல் ஃபைலை சாஃப்ட்வேரில் திறந்தாள். "இந்த வகைக் கோப்பு ஏற்கப்படவில்லை, அல்லது தேவையான கோடெக் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. அடியில் ஓகே என்று ஒரு பட்டன். ஓகேவை அழுத்தினாள். ஒன்றும் ஓகே ஆகவில்லை. ஃபைல் பெயரின் வாலில் இருந்த மூன்று எழுத்தை அழித்து, சாஃப்ட்வேருக்குப் பிடித்த மூன்று எழுத்தைப் போட்டுப் பார்த்தாள். பெட்டி மறுபடியும் வந்தது. போய் கிருபானந்தத்திடம் சொன்னாள்.

"சார், ஃபைல் ஓபன் ஆவ மாட்டேங்குது."

"வாயால சொல்லாதம்மா. எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான் என்று நான் நினைக்கிறேன். தவறு நடந்தால் எழுதும் தாளுக்கு எங்கள் கம்பெனியில் என்.சி. என்று பெயர். அதில் "பொறுப்பானவர்" என்று ஒரு கட்டம். கிருபானந்தம் அதில் கேத்தரின் பெயரை எழுதினார். "யார் பெயரில் முடிக்கப்படாத என்.சி. இருக்கிறதோ, அவருக்கு விடுப்பு கிடையாது" என்பது விதி நாற்பத்தொன்று. அதை டைப் செய்ததும் கேத்தரின்தான். அதில் ஒரு பிழைகூட இல்லை.

"சார், எனக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம்" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. கர்த்தர் ஆசீர்வதிப்பாரு. என்.சி.ய மட்டும் முடிச்சிட்டுப் போ."

செவ்வாய்க்கிழமை இது நடந்தது. எட்டே நாள்.

புதன்கிழமை அந்த சிடி தரப் பரிசோதனை மேஜைக்குப் போனது. ஷூவில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அங்கே வழக்கம். இரண்டு பெண்கள் டியூப் லைட் வெளிச்சத்தில் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கீறல், கைரேகை, தூசு என்று பதினேழு அம்புக்குறிகள். அத்தனையும் பளபளக்கும் பக்கத்தில். பிறகு அட்டை கட்டித் தொங்கவிட ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டார்கள். "சிடி பார்க்க நல்லா இருக்கு, ஆனா ஷைனிங் ஜாஸ்தி" என்று ரிப்போர்ட் வந்தது.

வியாழக்கிழமை சிடி கம்பெனி லேபுக்குப் போனது. லேபில் செல்வகுமார் இருந்தான். பிரச்சினை என்ன என்று கேட்டான். சாஃப்ட்வேருக்கும் ஃபைலுக்கும் ஒத்துப்போகவில்லை என்றாள் கேத்தரின்.

"ஒத்துப்போவலன்னா நம்ம கிட்டதான் வரணும். ஒட்டுற கம்மும் ஷூ சோலும் ஒத்துப்போவுதான்னு பாக்குற டெஸ்ட் என் கிட்டதான் இருக்கு. வேற இன்னா டெஸ்ட் வேணும்?"

"செல்வா, இது ஷூ இல்ல. உள்ள இருக்கிற ஃபைல்தான் பிரச்சினை."

"உள்ள இருக்குதுல்ல? அப்ப வளைச்சாதான் தெரியும்."

ஷூவை ஐம்பதாயிரம் தடவை மடக்கி நிமிர்த்தும் மெஷின் ஒன்று லேபில் உண்டு. அதில் சிடியை மாட்டினான். நான்காவது மடக்கில் சிடி படீரென்று உடைந்தது. "ஃபெயில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்போதுதான் ஊசிச் சட்டம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

துண்டுகளைத் தேடினார்கள். பன்னிரண்டு துண்டு கிடைத்தது. எடை போட்டால் அரை கிராம் குறைந்தது. கிருபானந்தம் லேபை நிறுத்தினார். லேப் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு போகக் கூடாது என்பதால் பேக்கிங் நின்றது. பேக்கிங் நின்றதால் எல்லா லைனும் நின்றது. நானூறு பேர் தரையில் குனிந்து பளபளப்பாக எதையாவது தேடினார்கள். ஒரு கொலுசுத் திருகாணி, ஒரு மூக்குத்தி, காணாமல் போன ஒரு ஐந்து ரூபாய் நாணயம், மூன்று ஊசித் துண்டுகள் கிடைத்தன. ஊசித் துண்டுகளுக்குத் தனியாக மூன்று என்.சி. எழுதினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அரை கிராம் செல்வகுமாரின் எண்ணெய் தடவிய கிராப்புக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. அவன் தலைக்குள் இருந்து ஒரு பொருள் வெளியே வந்தது அதுவே முதல் தடவை.

எல்லாவற்றையும் பதிவேட்டில் ஒட்டிய பிறகு கிருபானந்தம் அதைத் தூக்கிக் காட்டினார். "பார்த்தியாம்மா, ஒரு துண்டுகூட மிஸ் ஆகல. இதுக்குப் பேருதான் சிஸ்டம்."

"சார், ஃபைல் இன்னும் ஓபன் ஆவல."

"அது வேற கட்டம்மா. மூணாவது பக்கத்துல வரும்."

ராத்திரி அபினேஷ் போன் செய்தான். "இன்னா கேத்தி, பாஸ்டர் மூணாவது ஓலைய ஞாயித்துக்கிழமை வாசிக்கிறாரு. உங்க சார் உன் லீவு லெட்டர எப்ப வாசிப்பாரு?" என்று கேட்டான். அவள் அழுதுவிட்டாள். மறுநாள் டீ குடிக்கும்போது இதை என்னிடம் சொன்னாள். கடைத்தெருவில் முனீர் அகமதைப் போய்ப் பார் என்றேன்.

முனீர் பாய் ஆம்பூரில் பாதிக் கல்யாணங்களை வீடியோ எடுத்தவர். மீதிக் கல்யாணங்களை வேறு யாரோ எடுத்துக் கெடுத்ததை எடிட் செய்து காப்பாற்றியவர். கேத்தரின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஃபைலைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஒரு கையில் டீயும் ஒரு கையில் மவுஸுமாகப் பார்த்தார்.

"பேர மாத்திப் பாத்தியா?"

"பாத்தேன் பாய்."

"பேர மாத்தினா ஆளு மாறிடுவானாம்மா? இதோ பாரு. கேமராக்காரன் படத்தை ஒரு தினுசா மடிச்சு வெச்சிருக்கான். இடம் கம்மியா ஆவணும்னு. மடிச்ச தினுசு தெரிஞ்சவன்தான் பிரிக்க முடியும். அந்தத் தினுசு தெரிஞ்ச ஆளு பேருதான் கோடெக். உன் மெஷின்ல அந்த ஆளு இல்ல. அவ்ளோதான், இதுல இன்னா பேஜார்?"

"எவ்ளோ நேரம் ஆவும் பாய்?"

"டீ ஆறுறதுக்குள்ள ஆயிடும். கல்யாணப் பொண்ணு, சும்மா எடுத்துட்டுப் போ." ஒரு சிடியில் கோடெக்கைப் போட்டுக் கொடுத்தார்.

சும்மா என்ற சொல்லில்தான் சிக்கல். சனிக்கிழமை காலை கேட்டில் செக்யூரிட்டி சிடியைப் பிடித்துக்கொண்டான். பில் இல்லாத பொருள் உள்ளே வரக் கூடாது. விஷயம் ஸ்டோர்ஸ் சம்பத்திடம் போனது. சம்பத் நல்லவன், ஆனால் அவனுடைய கம்ப்யூட்டர் அப்படியல்ல. எந்தப் பொருளாக இருந்தாலும் அளவு என்ன என்று கேட்கும். சதுர அடி, கிலோ, லிட்டர், ஜோடி, இந்த நான்கில் ஒன்றைத்தான் ஏற்கும்.

"கோடெக் எத்தினி கிலோ கேத்தரின்?"

"அதுக்கு எடை கிடையாதுண்ணா."

"லிட்டரா போட்டுடலாமா?"

"அய்யோ அண்ணா. படத்துக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணு, ரெண்டு சேந்ததுதான் இது."

சம்பத்தின் முகம் மலர்ந்தது. "ரெண்டா? முதல்லயே சொல்லக்கூடாது?" என்று சொல்லி, கோடெக், ஒரு ஜோடி என்று ஏற்றினான். சைஸ் என்ன என்று கேட்டது. கேத்தரின் "ஆறு எம்பி" என்றாள். ஆறாம் நம்பர், பெண்கள் அளவு என்று பதிவானது.

அடுத்தது, அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியலில் முனீர் அகமது பெயர் இல்லை. பத்துப் பக்கக் கேள்வித்தாளை சம்பத்தே டிவிஎஸ்ஸில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். முனீர் பாய் வீடியோ கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். உங்கள் தொழிற்சாலையில் குழந்தைத் தொழிலாளர்கள் உண்டா? "இல்ல. என் பையன் வருவான், ஆனா வேலை செய்ய மாட்டான்." கழிவு நீர் எங்கே போகிறது? "டீ கிளாஸ் கழுவுற தண்ணியா? கால்வாய்க்கு." கோடெக்கில் தடைசெய்யப்பட்ட சாயம் ஏதாவது உண்டா? குரோமியம்? தோலில் அரிப்பு உண்டாக்குமா? முனீர் பாய் நிமிர்ந்து பார்த்தார். "கோடெக்கால இல்லப்பா. இந்த ஃபாரத்தாலதான் அரிக்குது." ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கல்யாணப் பொண்ணுக்காக.

மூன்று மணிக்குக் கோடெக் உள்ளே வந்தது. வந்ததும் கண்டிஷனிங் அறைக்குப் போனது. புதிதாக வரும் தோலை இருபத்துமூன்று டிகிரியில், சரியான ஈரப்பதத்தில், நாற்பத்தெட்டு மணி நேரம் வைத்துப் பழக்கும் அறை அது. ஞாயிறு கணக்கில் சேராது. ஆகவே கோடெக் ஆட்டுத் தோல்களுக்கு நடுவில் செவ்வாய் மூன்று மணி வரை பழகிக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்று பாஸ்டர் கேட்டபோது, முன் வரிசையில் இருந்த கேத்தரின் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். கிருபானந்தம் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய் மூன்று மணிக்கு ஏசி அறையில் பன்னிரண்டு பேர் நின்றோம். சம்பத் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்தான். கிருபானந்தம் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். பிறகு பேசினார்.

"நண்பர்களே, சாதாரண கம்பெனியா இருந்தா இந்த ஃபைலை ஒரு வாரம் முன்னாடியே திறந்திருப்பாங்க. எவனோ ஒருத்தன் வந்து, ரெண்டு நிமிஷத்துல திறந்துட்டுப் போயிருப்பான். எப்படித் திறந்துச்சுன்னு அவனுக்கே தெரியாது. நாம அப்படித் திறக்கல. அறுபத்திநாலு பக்கம் எழுதித் திறக்கிறோம். நாளைக்கே இது மறுபடியும் மூடிக்கிட்டாலும், ஏன் மூடிச்சுன்னு நம்மால எழுத முடியும். இதுதான் நமக்கும் மத்தவங்களுக்கும் இருக்கிற வித்தியாசம்."

எல்லோரும் கைதட்டினோம். கேத்தரின் கோடெக்கை ஏற்றினாள், சாஃப்ட்வேரை மூடித் திறந்தாள், ஃபைலை இழுத்துப் போட்டாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை. படம் ஓடியது. கட்டிங் மெஷின், கேன்டீன் சாம்பார், முதலாளி படத்துக்கு மாலை. கிருபானந்தத்தின் கண் கலங்கியது. ஒன்பதாவது ஃபைலில் நாலாம் லைன் ஆரோக்கியமேரி வந்தாள். இருபது வருஷமாக மேல்தோல் தைக்கிறவள். கையில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு மரக்கட்டை. ஷூவுக்கு உருவம் கொடுக்கிற, பாதம் மாதிரியான பழைய கட்டை.

"ஆன்ட்டி, ஹாப்பியா?" என்று முதலாளி மகனின் குரல் கேட்டது.

"சந்தோசத்துக்கு இன்னா சார் கொறச்சல்" என்றாள் ஆரோக்கியமேரி. "எங்க லைன்ல நாப்பது பொம்பளைங்க. பாத்ரூம் போவணும்னா இந்தக் கட்டையக் கையில எடுத்துட்டுத்தான் போவணும். இதுதான் டோக்கன். லைனுக்கு ஒண்ணே ஒண்ணு. ஒருத்தி போனா முப்பத்தொம்பது பேரு அடக்கிட்டு உக்காந்திருக்கோம். காலைல இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல சார். கட்டை தொலைஞ்சா கடைசியா வெச்சிருந்தவதான் பொறுப்பாம். அதான் சாயங்காலம் யாருகிட்ட இருக்கோ அவ வீட்டுக்கே எடுத்துட்டுப் போய்ட்றா. என் வீட்டுக்காரரு கேக்குறாரு, இன்னா மேரி, நாய் தொரத்துதா, கட்டையோட வர்றியேன்னு."

"சூப்பர் ஆன்ட்டி, சூப்பர்!" என்றது குரல்.

எல்லோரும் கிருபானந்தத்தைத் திரும்பிப் பார்த்தோம். டோக்கன் திட்டம் கிருபானந்தத்தின் சொந்தத் திட்டம். விதி இருபத்தேழு.

"கேள்வி நல்ல கேள்விதான்" என்றார் அவர். "பதில்தான் ஸ்பெசிஃபிகேஷனுக்கு வெளிய போய்ட்டுது."

"இந்த ஃபைலை மட்டும் அழிச்சிடட்டுமா சார்?" என்று கேட்டான் செல்வகுமார்.

"அழிக்கிறதா! ஒரிஜினல் பதிவை அழிச்சா சர்டிஃபிகேட்டே போய்டும்." கிருபானந்தம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேத்தரின் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இதைப் பழையபடி திறக்காத மாதிரி பண்ண முடியுமா?"

கேத்தரின் அவரையே பார்த்தாள். "கோடெக்க எடுத்துட்டா திறக்காது சார். ஆனா திறக்கலன்னா என் பேர்ல என்.சி. இருக்குமே. நாளைக்குக் காலைல பத்தரைக்குக் கல்யாணம் சார்."

கிருபானந்தம் யோசித்தார். அவர் யோசிப்பதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பேனாவை எடுத்து, என்.சி.யின் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: "கோப்பு திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதே அதன் சரியான நிலை என்று கண்டறியப்பட்டது. குறைபாடு முடிக்கப்பட்டது." கையெழுத்து, தேதி, முத்திரை. அதே கையோடு மூன்று நாள் லீவுக்கும் கையெழுத்து. கோடெக் நீக்கப்பட்டது. சம்பத் "ஒரு ஜோடி, ரிட்டர்ன்" என்று எழுதிக்கொண்டான்.

வாசல் வரை போன கேத்தரின் திரும்பி வந்தாள்.

"சார், முடிஞ்ச என்.சி.ய ஆதாரத்தோட அன்னைக்கே ஜெர்மன்காரங்க சென்னை ஆபீஸுக்கு அனுப்பணும்னு விதி இருக்கு. அனுப்பிடட்டுமா?"

"விதி இருந்தா என்னை எதுக்கும்மா கேக்குற?"

"ஆதாரம்னா அந்தப் பதினாலு ஃபைலும் சேரும் சார்."

"திறக்காத ஃபைல்தானே. தாராளமா அனுப்பு."

அவள் ஒரு சிடி போட்டு, அறுபத்திநாலு பக்கத்தோடு சேர்த்துக் கட்டி என்னிடம் கொடுத்தாள். நான் விலாசம் பார்த்தேன். சரியாக இருந்தது. கூரியரில் அனுப்பினேன். தெரிந்தேதான் செய்தாளா என்று கம்பெனியில் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் முகத்தில் என்ன தெரியும்? சந்தோஷம்தான் தெரிந்தது.

கல்யாணம் பத்தரைக்குச் சரியாக நடந்தது. சாயங்காலம் சர்ச் ஹாலில் ரிசப்ஷன். நாலாம் லைன் ஷிஃப்ட் முடிந்து வேனில் நேராக வந்து இறங்கியது. கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள். வாழ்த்துரைக்குக் கிருபானந்தத்தைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மைக் கிடைத்தால் சான்றிதழ் கிடைத்த மாதிரி.

"கணவனும் மனைவியும் ஒத்துப்போகணும்" என்று ஆரம்பித்தார். "ஒத்துப்போகலன்னா எழுதி வெச்சுக்கணும்..."

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். சென்னை ஆபீஸ். ஷூ வாங்குகிறவர்களின் அழைப்பை இரண்டாவது மணிக்குள் எடுக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட விதி. எடுத்தார். மைக்கைக் கீழே வைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் அது அவர் வாய்க்கு எதிரிலேயே இருந்தது.

"வணக்கம் மேடம், சொல்லுங்க... கிடைச்சுதா?... பாத்தீங்களா? எதை மேடம்?" அவர் குரல் ஹாலின் நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது. "அது திறக்காதே மேடம்... திறந்துச்சா? இல்ல மேடம், திறக்காதுன்னு நான் கையெழுத்தே போட்டிருக்கேனே!... உங்க கம்ப்யூட்டர்ல எல்லாமே திறக்குமா..."

ஹாலில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"ஆமா மேடம். நாப்பது பேருக்கு... ஒண்ணு மேடம்... சிவப்புக் கலர்... இல்லல்ல, தண்ணி குடிக்கக்கூடாதுன்னு நாங்க சொல்லல, அவங்களா குடிக்கிறதில்ல... ஜெர்மனிக்குச் சொல்லிடுவீங்களா? வேணாம் மேடம், ப்ளீஸ். அது பழைய கதை. டோக்கனை எடுத்துட்டோம் மேடம். இப்ப யாரு வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் போலாம். சத்தியமா... எப்ப எடுத்தோமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு இருவதுக்கு மேடம்."

மூன்றாவது வரிசையில் ஆரோக்கியமேரி எழுந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கடைசியாக வைத்திருந்தவள் அவள்தான் போலிருக்கிறது. ஒயர் கூடையிலிருந்து சிவப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். போன் காதில் இருந்ததால் கிருபானந்தத்தால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவருடைய மைக் பிடித்த கையில் இருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் கட்டையை வைத்தாள். வீடியோக்காரர் முனீர் பாய் வெளிச்சத்தை நன்றாகத் தூக்கிப் பிடித்தார்.

"சாரு சொன்னதை எல்லாரும் கேட்டீங்க இல்ல?" என்றாள் மைக்கில். "நாலாம் லைனு! இப்ப யாருக்குப் போவணும்?"

நாற்பது கைகள் தூக்கப்பட்டன. சிரிப்புச் சத்தத்தில் பாஸ்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டார். நாலாம் லைன் மொத்தமாக எழுந்து, கைவீசிக்கொண்டு, ஹாலின் பின்பக்கம் நடந்தது. மேடையில் ஐந்து மணியிலிருந்து பட்டுப்புடவையில் அசையாமல் உட்கார்ந்திருந்த கேத்தரின் அபினேஷிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினாள்.

பின்னால் பெரிய வரிசை நின்றது. கல்யாணப் பெண் என்று அவளைத்தான் முதலில் விட்டார்கள்.